பசியில்லாத அட்டைகள்

ஷோனான்
2603 ஜூன் 11

அன்புள்ள மீனாச்சிக்கு,

நலம். நீயும் உன் அம்மாவும் நலமா? சிங்கப்பூர் என்ற பழைய பெயரை ஒரு முறைதான் எழுதுவேன், அதையும் தணிக்கையில் அடிக்கக்கூடும். ஆகவே மேலே புதுப் பெயர். வருஷமும் அவர்கள் கணக்குத்தான். போன வருஷம் ஜப்பான்காரர்கள் வந்த வாரத்தில் நாம் எல்லோரும் அறுநூற்று அறுபது வயது கூடிப்போனோம். உன் முகத்தில் அது கொஞ்சமும் தெரியவில்லை என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

லாரி கிளம்பும் இடத்துக்கு நீ வரவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினாய். அம்மா வந்திருந்தார்கள்.

வேலை இதுதான். என் மேலதிகாரி ஒரு ராணுவ டாக்டர், மேஜர். அவருடைய இடது காலில், முழங்காலுக்குக் கீழே, ரத்தக் குழாய் வீங்கியிருக்கிறது. தொட்டால் சுடுகிறது. தோலுக்கு அடியில் கயிறு ஒன்று ஓடுகிற மாதிரி இருக்கிறது. குழாய்க்குள் ரத்தம் உறைந்து நிற்பதால் வருவது. உறைந்த துண்டு கழன்று மேலே போய் நுரையீரலை அடைத்தால், அதற்குப் பிறகு மேஜர் கிடையாது. ரத்தத்தை உறையவிடாத மருந்து முன்பெல்லாம் கனடாவிலிருந்து வரும். கனடாவோடு இவர்கள் போரில் இருப்பதால் கேட்டு எழுத முடியவில்லை. ஆகவே மருந்தை இங்கேயே கண்டுபிடிப்பது என்று முடிவாகியிருக்கிறது.

அட்டை கடிக்கும்போது அதன் எச்சிலோடு ஒரு சத்து இறங்குகிறது. அது ரத்தத்தை உறையவிடாது. அதைப் பிரித்தெடுப்பது என் வேலை. எடுக்கும்வரை உயிருள்ள அட்டைகளையே மேஜரின் காலில் விட வேண்டும். வாசலில் ஆராய்ச்சி நிலையம் என்று பெரிய பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆராயப்படுவது ஒரு கால்.

மேஜர் கடைத்தெரு மலாய் பேசுவார். வந்த அன்றே சொன்னார்: "என் கால் நடக்கட்டும், நீயும் வீட்டுக்கு நடக்கலாம்." ஒரு மனிதனின் காலை இவ்வளவு அன்போடு நான் இதுவரை பார்த்ததில்லை.

இங்கே கிடைப்பவை காட்டு அட்டைகள், பொடிசு. நம் ஊர்ப் பாச்சாங் வயலில் எருமைகள் மேல் ஒட்டுமே, விரல் நீளத்தில், அவை வேண்டும். கருவாட்டு லாரி ஓட்டும் நடராஜனுக்கு ஜாடி கொண்டுவர மேஜர் அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறார். கடிதம் கொண்டுவர மட்டும் அவன் மாட்டான்; பிடித்தால் தலை போகும் என்கிறான். அட்டைகள் தணிக்கை இல்லாமல் பயணம் செய்யலாம், நாம்தான் முடியாது.

இன்னும் கோபமா?

தம்பிராஜா

*

காஜா பெராங், மலாக்கா
2603 ஜூலை 2

அன்புள்ள உங்களுக்கு,

கோபம் இல்லை. கோபம் என்பது ஒருநாள் இருந்துவிட்டுப் போவது.

நம் ஆஸ்பத்திரியில் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, வெள்ளைக்கார டாக்டரோடு அட்டை வேலை பார்த்தவன் யார் என்று அவர்கள் கேட்டபோது எத்தனையோ பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உங்களோடு அதே அறையில் அதே வேலை பார்த்த தேவதாஸ் அண்ணன் கூரையைப் பார்த்தார். அவர் இன்றும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியோடு மரவள்ளிக்கிழங்கு சாப்பிடுகிறார். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். யாரும் தூக்கச் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் பதில் தெரிந்தவன் கை தூக்க வேண்டும் என்று உங்களுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களோ, அந்த வாத்தியாரை நான் பார்க்க வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். கிழங்கு அரிசியைவிட உடம்புக்கு நல்லது என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஆகையால் நலமாக இருக்கிறோம்.

அம்மாவுக்குத் தமிழ் தெரியாதது ஒரு வசதி. பக்கத்தில் உட்கார்ந்து, இவ்வளவு நீளமாக என்ன எழுதுகிறாய் என்று தங்கள் செட்டி மலாயில் கேட்கிறார்கள். மருமகனின் உடல்நலம் விசாரிக்கிறேன் என்றேன். அப்பா எனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது இதற்குத்தான் போலிருக்கிறது.

அட்டை கேட்டிருந்தீர்கள். ஊரில் ஆண்கள் உப்பும் துணியும் கேட்டு எழுதுகிறார்கள். நேற்று பாச்சாங்குக்குப் போய்ப் பிடித்து வந்தேன். ஜாடி நடராஜனிடம் போகிறது. வாயைத் துணியால் கட்டியிருக்கிறேன், ஓட்டை போட்டிருக்கிறேன். அந்தக் கால் சீக்கிரம் நடக்கட்டும். மாரியம்மன் கோயிலில் அதற்காக வேண்டிக்கொண்டேன். பூசாரி யாருக்கு என்று கேட்டார். ஒரு காலுக்கு என்றேன்.

மீனாச்சி

*

ஷோனான்
2603 ஜூலை 24

அன்புள்ள மீனாச்சிக்கு,

ஜாடி வந்தது. இவ்வளவு அழகான அட்டைகளை நான் பார்த்ததில்லை. பருத்து, மினுமினுப்பாக, எதிலும் அக்கறை இல்லாமல் கிடந்தன. மேஜர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றை எடுத்து வீக்கத்தின் மேல் வைத்தேன். உருண்டு கீழே விழுந்தது. இன்னொன்றை வைத்தேன். அது விழக்கூட இல்லை; அங்கேயே தூங்கியது. காலில் சர்க்கரைத் தண்ணீர் தடவினோம். மேஜர் தன் கையாலேயே தடவினார். ஒன்றும் கடிக்கவில்லை.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. நீ எப்படிப் பிடித்தாய் என்று நான் கேட்கவில்லை, எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. வயலுக்குள் இறங்கி நின்றாயா?

மேஜர் கேட்டார்: "ஏன் கடிக்கவில்லை?"

"வயிறு நிறைந்திருக்கிறது, ஐயா. ஒருமுறை நிறையக் குடித்துவிட்டால் மாதக்கணக்கில் பசிக்காது."

"யாருடைய ரத்தம்?"

"என் மனைவியின் ரத்தம், ஐயா."

மேஜர் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார், அறைக்குள் யாரோ பெண்பிள்ளை வந்துவிட்ட மாதிரி. கன்னத்தில் அறை கிடைக்குமென்று நினைத்தேன். கிடைக்கவில்லை. "வேறு கொண்டுவரச் சொல்" என்று மட்டும் சொன்னார்.

அட்டைகள் பசியோடு வர வேண்டும். எருமையை நீரில் நிறுத்தினால் அதன் காலை நோக்கி நீந்தி வரும். கடிப்பதற்கு முன் வலையால் அள்ளிவிட வேண்டும். நீ இறங்காதே. ஒவ்வொரு கடிவாயிலும் ரத்தம் நெடுநேரம் நிற்காது. நான் தேடிக்கொண்டிருக்கும் சத்து செய்யும் வேலை அது. அதை நீ உன் காலில் பரிசோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

அந்தக் குண்டு அட்டைகளைக் குளத்தில் விட்டுவிட உத்தரவு. விட்டேன். ஒன்றை மட்டும் விடவில்லை. என் மேசைமேல், கண்ணாடிக் குடுவையில் இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் பயனில்லாதது. நான் எழுதும்போது அது என்னைப் பார்க்கிறது என்று சொல்ல முடியாது, அதற்கு அவ்வளவு பார்வை கிடையாது. ஆனால் விளக்கை நகர்த்தினால் அதுவும் நகர்கிறது.

ஒரே வீட்டில் இருந்தபோது உன்னை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனா என்று யோசிக்கிறேன்.

தம்பிராஜா

*

காஜா பெராங்
2603 ஆகஸ்டு 19

அன்புள்ள உங்களுக்கு,

வேறு எப்படிப் பிடிப்பது? பாச்சாங்கில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்: அட்டை வேண்டுமென்றால் தண்ணீரில் நிற்க வேண்டும், வேண்டாமென்றால் வெளியே நிற்க வேண்டும். கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி நின்றேன். ஒட்டியவற்றை, நீங்கள் எப்போதோ சொன்னது நினைவு வந்ததால், பிடுங்காமல் அவையாக விழும்வரை காத்திருந்து எடுத்தேன். பிடுங்கினால் வாய் கெட்டுவிடும் என்பீர்களே. உங்களைப் போன்ற ஆராய்ச்சிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பதால் வந்த கவனம் அது. வயிறு நிறைந்தால் கடிக்காது என்பதை மட்டும் ஏன் சாப்பாட்டு நேரத்தில் சொல்லவில்லை?

என் ரத்தத்தை ஒரு மேஜர் முன்னால் காட்டி, இது என் மனைவியினுடையது என்று சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு நாள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. தெருவில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அதுவும் பொய்.

தபாலாபீசில் தமிழ்க் கடிதங்களைத் தணிக்கை செய்கிற தியாகு வீட்டுக்கு வந்தான். பெரிய வீதி நகைக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். கூப்பிட்டு விசாரிக்க வந்திருக்கிறான் என்று அம்மா பயந்துபோய் அவனுக்குக் கோப்பியே போட்டுவிட்டார்கள், கடைசிப் பொடியில். அவன் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்:

"என்னக்கா, மேஜர் காலு இப்ப எப்படி இருக்கு?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தானே படிக்கிறேன். குண்டு அட்டைய மேசையில வச்சிருக்கேன்னு எழுதிட்டு அதோட நிறுத்திட்டாரு. ஆபீஸ்ல ரெண்டு பேரு என்னைப் போட்டு நச்சரிக்கிறாங்க."

"எதையும் அடிச்சுடாம விட்டியே, அதுவே போதும்."

"அட்டையப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லக்கா. அரிசியப் பத்தி மட்டும் எழுதாதீங்க. அப்புறம் பழைய ஊர்ப் பேர எழுதியிருந்தாரே, அத நான் பார்க்கல."

ஆகவே இனி எழுதும்போது நாம் மூன்று பேர் என்பதை நினைவில் வையுங்கள். தியாகு, நீ நலமா?

பாச்சாங்கில் பாக் மாட் என்ற மலாய்க்காரரின் எருமையை இரவல் வாங்கி நிறுத்தினேன். அது என்னைவிடப் பொறுமைசாலி. இந்த ஜாடியில் இருப்பவை எல்லாம் பட்டினி. ஊரோடு ஒத்துப்போகின்றன.

அந்தக் குண்டு அட்டை இன்னும் உயிரோடு இருக்கிறதா? தண்ணீர் மாற்றுகிறீர்களா? உங்கள் சட்டைத் துணியைத் துவைத்துத் துவைத்து மடித்து வைக்கிறேன். அழுக்கானதால் அல்ல.

மீனாச்சி

*

ஷோனான்
2603 டிசம்பர் 5

அன்புள்ள மீனாச்சிக்கு,

பதில் தாமதித்ததற்குக் காரணம் உண்டு. நல்ல காரணம்.

நீ அனுப்பிய பசித்த அட்டைகள் மேஜரின் காலில் வைத்த உடனே பிடித்தன. வாரம் போகப் போகக் கயிறு தளர்ந்தது, சூடு குறைந்தது. இப்போது மேஜர் செருப்பில்லாமல் நடந்து போய், நடந்து வந்து, மறுபடி நடந்து காட்டுகிறார். யார் வந்தாலும் காட்டுகிறார்.

அதைவிடப் பெரிய விஷயம். உலர்த்திய அட்டைத் தலைகளை அரைத்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து வடித்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் முயலின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அதில் சில துளி விட்டேன். காலையில் குழாயைச் சாய்த்தேன். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. மீனாச்சி, ஒரு கட்டி இல்லை. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று சுற்றிப் பார்த்தேன். நீ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிப்பாய் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னேன். சரி என்றான்.

மேஜர் தோக்கியோவுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார். ஆராய்ச்சி முழுவதும் அவர் செய்தது. நான் உடனிருந்தேன் என்று கடைசியில் ஒரு வரி வருகிறது. எனக்கு வெள்ளை அங்கி, தனி அறை, பதவிக்கு ஒரு பெயர். குடும்பத்தோடு தங்க வீடும் உண்டாம். நீயும் அம்மாவும் இங்கே வந்துவிடலாமே என்று தோன்றுகிறது. இன்னும் கொஞ்ச நாள்தான். மருந்தைச் சுத்தமாக எடுத்துவிட்டால், மீனாச்சி, உலகத்தில் எத்தனை கால்கள்.

தம்பிராஜா

*

காஜா பெராங்
2604 ஜனவரி 16

அன்புள்ள உங்களுக்கு,

பதவிக்கு வாழ்த்து. அதன் பெயரை நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

மேஜரின் கால் நடக்கிறது. ஒப்பந்தம் என்னவோ வேறு மாதிரி என்று நினைவு. நாங்கள் அங்கே வருவதைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். போனவர்கள் திரும்புகிற ஊராக இருந்தால் போகலாம் என்றார்கள்.

போகிப் பண்டிகை போனது. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பார்ச்சு வைப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்: இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, ஆளுக்கொரு இலை போட்டு, விளக்கேற்றி, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். இந்த வருஷம் சமைக்க என்ன இருந்தது? கிழங்கு, கங்கோங் கீரை, அம்மா எங்கோ சொல்லி வைத்து வாங்கிய கொஞ்சம் மீன். அப்பாவுக்கு ஒரு இலை, தாத்தாவுக்கு ஒரு இலை. அதன் பக்கத்தில் இன்னொரு இலை இருந்தது.

"இது யாருக்கும்மா?"

"உன் புருஷனுக்கு."

"அவரு உயிரோடதான் இருக்காரு. கடுதாசி வருது."

"கடுதாசிதானே வருது. ஆள் வர்றதில்லையே. நடுவுல நாலு மாசம் அதுவும் வரல. பசியோட அலைய விடக் கூடாது."

அந்த இலையில் என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? பொரித்த கெம்போங் மீன். முழுசாக ஒன்று. அப்பாவுக்கே பாதிதான். உங்களுக்குக் கருவாடு போட்ட அன்னாசிக் கறிதான் உயிர், கெம்போங்கைக் கண்டால் ஆகாது என்று நான் சொன்னேன்.

"பொய் சொல்லாதே. நான் பொரிச்சு வைக்கும்போதெல்லாம் தட்டு காலியாத்தான் வரும்."

"பூனைக்குப் போடுவாரும்மா."

உங்களைச் செத்தவராக நினைத்து இலை போட்ட அம்மா, இதற்குத்தான் அழுதார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். என்னால் நிற்க முடியவில்லை. செத்தவர்கள் சாப்பிட்டு முடிக்கும்முன் உள்ளே போகக் கூடாது. போனேன். உங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன், மீன் முள்ளைக்கூட விடவில்லை. அந்த இலையில் யாருக்கும் எதுவும் மிச்சம் வைக்கக் கூடாது என்று தோன்றியது. அப்பா பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அவருக்குத் தமிழ் தெரியும், புரிந்துகொள்வார்.

அடுத்த போகிக்கு அம்மா இன்னொரு தடவை இலை போட்டால் நான் சாப்பிடுவேனா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

மீனாச்சி

*

ஷோனான்
2604 பிப்ரவரி 9

அன்புள்ள மீனாச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராக மேஜரிடம் போனேன். கால் நடக்கிறது, நான் போகலாமா என்றேன். அவர் வருத்தத்தோடுதான் சொன்னார். வெற்றி பெற்றவனை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் ராணுவத்தில் இல்லையாம். மார்ச் மாதக் கடைசியில் சைகோனிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். அவர் முன்னால் அட்டை விட்டுக் காட்ட வேண்டும். அவருக்குத் திருப்தியானால் எங்கள் நிலையத்தை அப்படியே தூக்கிப் பர்மாப் பக்கம், ரயில் பாதை முகாம்களுக்கு அனுப்புவார்கள். அங்கே கால்களுக்குப் பஞ்சமில்லையாம். மேஜரும் வருவார். அதைச் சொல்லும்போது அவர் தன் காலைத் தடவிக்கொண்டார்.

"திருப்தியாகாவிட்டால்?" என்று கேட்டேன்.

"தோற்றவனுக்கு யார் சோறு போடுவது? வீட்டுக்கு விரட்டிவிடுவார்கள்" என்று சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

பர்மாப் பக்கம் ஆட்களை ஏற்றிப் போன லாரிகளை நீயும் பார்த்திருக்கிறாய். திரும்பி வந்த லாரியைப் பார்த்ததாக நீ எழுதியதில்லை.

நான் தோற்றுப்போகலாம், மீனாச்சி. நினைத்துப் பார்த்தேன். நேற்று மருந்தில் உப்பைக் கூட்டிப் போட்டுக் கெடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். கை தானாகச் சரியான அளவை எடுத்துப் போட்டது. கையைத் தூக்கியதற்கு நீ என்னைத் திட்டினாய். அதே கைதான்.

உனக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேசைமேல் இருந்த குண்டு அட்டை இளைத்துவிட்டது. மாதக்கணக்கில் உன்னை வைத்தே ஓட்டியது, இப்போது தீர்ந்துவிட்டது. குடுவையின் சுவரில் ஏறி ஏறித் தேடுகிறது. உன் கடிதம் வந்த அன்று என் மணிக்கட்டை உள்ளே விட்டேன். உடனே பிடித்தது. அது குடித்து முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விட்டதும் மூன்று கீறலாக ஒரு சின்னக் காயம். உன் காலில் இருப்பதும் இப்படித்தான் இருக்கும். ரத்தம் நிற்க நெடுநேரம் ஆனது. நான் நிறுத்தவும் பார்க்கவில்லை.

பரீட்சைக்கு இரண்டு ஜாடி அனுப்பச் சொல்லி உத்தரவு. எழுதிவிட்டேன். பசித்தவையாக இருக்க வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னார்கள்.

அம்மாவிடம் சொல்: கெம்போங் மீனைப் பூனைக்குப் போட்டது தவறு. இப்போது தந்தால் முள்ளோடு சாப்பிடுவேன்.

தம்பிராஜா

*

காஜா பெராங்
2604 மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு ஜாடியும் நடராஜனிடம் கொடுத்தாகிவிட்டது.

பாக் மாட்டின் எருமையைப் போன வாரம் ராணுவம் வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொண்டது என்றுதான் எழுத வேண்டும் என்று தியாகு சொல்லியிருக்கிறான். எருமை இல்லாததால் முதல் தடவை செய்த மாதிரியே செய்தேன். அப்போது தெரியாமல் செய்தேன். இப்போது எனக்குப் படிப்பு அதிகம்.

ஒரே நாளில் முடியவில்லை. ஒன்று விழுந்த பிறகு அடுத்தது. காலில் இடம் வேண்டுமே. அம்மா வரப்பில் நின்று முதலில் திட்டினார்கள். பிறகு நான் ஏன் செய்கிறேன் என்று சொன்னேன். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவர்களும் இறங்கினார்கள். "சூடாலா" என்றார்கள், "போதும், ஏறு, உன்கிட்ட இன்னும் என்ன இருக்கு." ஆகவே இரண்டாவது ஜாடியில் பெரும்பாலும் உங்கள் மாமியார். தனியாகக் கட்டியிருக்கிறேன், மரியாதையாக நடத்தவும்.

நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் சத்து நன்றாகவே வேலை செய்கிறது. கட்டுப் போட்டுக் கட்டுப் போட்டு வீட்டில் துணி தீர்ந்துவிட்டது. உங்கள் சட்டை ஒன்றைக் கிழித்தோம். நீலக் கோடு போட்டது. பாயில் படுத்தபடி எழுதுகிறேன். தலை கொஞ்சம் லேசாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை. தேவதாஸ் அண்ணன் வந்து பார்த்துவிட்டு ஈரல் சாப்பிடச் சொன்னார். எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லவில்லை.

தியாகு இதுவரை எழுதியதை என் கையிலிருந்தே வாங்கிப் படித்தான். படிப்பு அதிகம் என்ற வரியில் நெடுநேரம் நின்றான். "இத அடிக்கணும்க்கா" என்றான். பிறகு, "அட்டையப் பத்திதானே" என்று முத்திரை குத்தினான்.

அட்டைகள் கடிக்குமா கடிக்காதா என்பது எனக்குத் தெரியாது. உங்கள் அறையில் பழைய பசித்த அட்டைகளும் தொட்டி நிறைய இருக்கும். எதை எடுத்து வைக்க வேண்டும் என்பதை ஆராய்ச்சிக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் கேட்பதற்கு இவ்வளவுதான் இருந்தது.

மீனாச்சி

*

2604 மார்ச் 30

மீனாச்சி,

இதை நடராஜன் கொண்டுவருகிறான். கருவாட்டுக்கு அடியில். தலை போகும் என்றவன்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டான். ஆகவே இதில் மட்டும் நாம் இரண்டே பேர். தியாகுவுக்கு முடிவு தெரியாமல் போய்விடும், நீயே சொல்லிவிடு.

ஜாடியை அவிழ்த்ததுமே தெரிந்தது. அத்தனையும் பருத்து, மினுமினுப்பாக, எதிலும் அக்கறை இல்லாமல். எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டேன். உன்னை அப்படி எண்ண முடியவில்லை.

தொட்டியில் பசித்த அட்டைகள் இருந்தன. நீ சொன்னது சரி. பரீட்சை தொடங்கும்வரை அவை என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து வைத்திருந்தால் போதும், தோக்கியோவில் கைதட்டியிருப்பார்கள். அது எனக்கு வேண்டியும் இருந்தது. உன்னிடம் பொய் சொல்வதில்லை.

சைகோன் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜர் தன் காலை நீட்டினார். நான் உன் ஜாடியிலிருந்து எடுத்து வைத்தேன். உருண்டது. அடுத்தது தூங்கியது. மூன்றாவது உன் அம்மாவாக இருக்க வேண்டும். மேஜரின் காலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் இறங்கிப் போனது.

மேஜர் குனிந்து அவற்றைப் பார்த்தார். குண்டு அட்டையை அவர் முன்பே பார்த்தவர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

அதிகாரி கேட்டதை ஒருவர் மலாயில் சொன்னார்: "இவை ஏன் கடிக்கவில்லை? இந்த அறையில் காரணம் தெரிந்தவர் யாராவது உண்டா?"

மீனாச்சி, எனக்குத் தெரியும். அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. மணிக்கட்டில் அந்தத் தழும்பு அரித்தது. நான் கூரையைப் பார்த்தேன். தேவதாஸ் அண்ணன் பார்த்த மாதிரி. நல்ல கூரை.

மேஜரும் கை தூக்கவில்லை. இந்தச் சீதோஷ்ணத்தில் அட்டை சரிப்படாது என்று கனத்த குரலில் அறிக்கை சொன்னார். பிறகு எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க, என் கன்னத்தில் இரண்டு பக்கமும் அறைந்தார். உதவாக்கரை என்று வீட்டுக்கு விரட்டச் சொன்னார். முறைப்படி அறைந்தார், குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கையில் பாதி பலம்தான் இருந்தது.

அதிகாரி போன பிறகு வெளிவாசலில் என்னைக் கடந்து போன மேஜர், நிற்காமலே கேட்டார்: "உன் மனைவிக்கு ரத்தம் நின்றதா?"

"தெரியவில்லை, ஐயா."

"போய்ப் பார்."

நிலையத்தை மூடிவிட்டார்கள். மேஜர் இங்கேயே ஏதோ களஞ்சியத்துக்குப் பொறுப்பாகப் போகிறார், இரண்டு காலோடும். பலகையைக் கழற்றும்போது நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கண்டுபிடித்த மருந்தைக் கால்வாயில் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். அதைப் பற்றி ஒருநாள் உன்னிடம் அழுவேன், இப்போது நேரமில்லை.

பயண அனுமதிச் சீட்டு வரச் சில நாள் ஆகும், லாரி இன்றே கிளம்புகிறது. அதனால்தான் கடிதம் முந்திக்கொள்கிறது. நடராஜனிடம் கொஞ்சம் ஈரல் கொடுத்திருக்கிறேன், உப்புப் போட்டது. முயல்கள் ஆராய்ச்சியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. உனக்கும் அம்மாவுக்கும். படுத்திரு. வயலுக்குப் போகாதே. காலைத் தேய்க்காதே.

குடுவையில் நம் அட்டையை எடுத்து வருகிறேன். இப்போது அதற்குப் பசியில்லை. எனக்குத்தான்.

கதவைத் தட்டும்போது உன் அம்மா உள்ளேயிருந்து யார் என்று கேட்டால், போகியன்று தப்பான மீனை வைத்தீர்களே, அந்த ஆள் என்று சொல்.

தம்பிராஜா